“என் கையே டார்க் ரென்ச்” என்பவர்களுக்கு

“முப்பது வருஷமா வண்டி பாக்குறேன் தம்பி. அந்த ‘டிக்’குனு சத்தம் போடுற கம்பியத் தொட்டதே இல்ல. என் கையே டார்க் ரென்ச்.” தெருமுனைப் பட்டறையில் இதைக் கேட்டிருக்கிறேன். உதிரிபாகக் கடை கவுன்ட்டரில் கேட்டிருக்கிறேன். எனக்கு ஸ்பேனர் பிடிக்கக் கற்றுக்கொடுத்த சித்தப்பாவும் இதையேதான் சொன்னார். சொல்பவர்கள் வேலை தெரியாதவர்கள் அல்லர். அவர்கள் கட்டிக்கொடுத்த இஞ்சின்கள் ஓடிக்கொண்டுதான் இருக்கின்றன. இந்தக் கருத்து இத்தனை நாள் தாக்குப்பிடிப்பதும் அதனால்தான்.

அவர்கள் தரப்பை முதலில் முழுசாகச் சொல்லிவிடுகிறேன். போல்ட்டின் இறுக்கம் கைக்குப் பழகிவிடும். ஸ்பேனர் செய்தவனும் விவரமானவன்தான். 10 மிமீ ஸ்பேனரைக் குட்டையாகவும் 24 மிமீ ஸ்பேனரை நீளமாகவும் செய்திருக்கிறான். கை ஒரே பலத்தைக் கொடுத்தாலும் சின்ன போல்ட்டுக்குச் சின்ன முறுக்கும் பெரிய போல்ட்டுக்குப் பெரிய முறுக்கும் தானாகப் போய்ச் சேரும். தவிர, டார்க் ரென்ச் அளப்பது போல்ட்டின் பிடியை அல்ல, பெரும்பாலும் உராய்வைத்தான். மலிவானது பொய் சொல்லும், உயர்ந்தது வீட்டில் வண்டி பிரிப்பவனுக்குக் கட்டுப்படியாகாது. இவ்வளவும் சொல்லிவிட்டுப் போனால் போகிறதென்று ஒரு சலுகை தருவார்கள்: “ஆசைப்பட்டா பெருசா ஒண்ணு வாங்கி வெச்சுக்க, எல்லாத்துக்கும் ஆகும்.”

ஸ்பேனர் நீளமும் உராய்வும் உண்மையான விஷயங்கள். அவற்றிலிருந்து அவர்கள் வந்துசேரும் முடிவு தவறு. அந்தச் சலுகையோ, நான் போல்ட் உடைத்த கதையே அதுதான்.

1. யாருடைய கை?

பட்டறைக்காரர் ஒரே ரக வண்டியின் ஒரே போல்ட்டை நாளைக்குப் பத்து முறை முடுக்குகிறார். தொழில் பழகிய காலத்தில் சிலவற்றை உடைத்திருப்பார், அதுவும் அடுத்தவர் வண்டியில். அப்படித்தான் கை பழகியது. வீட்டு வாசலில் சாக்கு விரித்து உட்காருபவர் வருஷத்துக்கு இரண்டு முறை டேப்பட் கவரைக் கழற்றுவார், மூன்று வருஷத்துக்கொரு முறை கிளட்ச் பிளேட் மாற்றுவார், ஹெட்டை வாழ்நாளில் ஒரு தடவை இறக்குவார். அவருடைய கை எதில் பழகியிருக்கும்?

ஆக, ‘பழகிய கைக்கு டார்க் ரென்ச் வேண்டாம்’ என்பதை அப்படியே ஒப்புக்கொண்டாலும், பழகாத கைக்கு அது வேண்டும் என்பதுதான் அதிலிருந்து கிடைக்கிறது. முப்பது வருஷ அனுபவத்தைச் சொல்லிவிட்டு, அது இல்லாதவனிடம் ‘உனக்கும் தேவையில்லை’ என்று முடிப்பது என்ன தர்க்கம்? பாட்டி கைப்பிடியில் உப்பு அள்ளிப் போடுவாள். பேத்தி போட்டுக் கூடிப்போனால் கொஞ்சம் தண்ணீர் ஊற்றிச் சமாளிக்கலாம். உரிந்துபோன அலுமினிய மரைக்கு எதை ஊற்றுவது?

பழகிய கையையும் நான் முழுசாக நம்பத் தயாரில்லை. இந்தக் கருவி இஞ்சினுக்காகப் பிறந்ததே அல்ல. 1918இல் நியூயார்க் நகரத் தண்ணீர்த் துறையில் வேலை பார்த்த கான்ராட் பார் என்பவர், பூமிக்கடியில் போகும் குழாய்களின் ஃபிளாஞ்ச் போல்ட்டுகளை ஆட்கள் அளவுமீறி முடுக்குவதைத் தடுக்க இதைச் செய்தார் என்பதுதான் இதன் பிறப்புக் கதை. அந்த ஆட்களும் அதையே தொழிலாகச் செய்தவர்கள்தாம்.

2. கை எதை அளக்கிறது?

கை பலத்தை அளக்கும், முறுக்கை அளக்காது. முறுக்கு என்பது பலத்தையும் நீளத்தையும் பெருக்கி வருவது. சாதாரண 6 மிமீ போல்ட் ஒன்றுக்கு 10 நியூட்டன் மீட்டர் வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். 12 செ.மீ. நீள ரிங் ஸ்பேனரில் அதற்கு ஏறக்குறைய எட்டரை கிலோ அழுத்த வேண்டும். 25 செ.மீ. ராட்செட்டில் நான்கு கிலோவே போதும். ஸ்பேனரில் பழகிய கை, அதே எட்டரை கிலோவை ராட்செட்டில் கொடுத்தால் போல்ட்டுக்குப் போவது 20க்கும் மேல். இரட்டிப்பு! ஸ்பேனர் நீளத்தைப் பற்றி அவர்கள் சொன்ன நியாயம், எல்லோர் வீட்டிலும் ராட்செட் செட் வந்த அன்றைக்கே செத்துப்போயிற்று. அதை யாரும் அவர்களிடம் போய்ச் சொல்லவில்லை.

கைக்கு வேறு கோளாறுகளும் உண்டு. மேலே இருக்கும் போல்ட்டை நின்றுகொண்டு முடுக்குவோம், கீழே இருப்பதைப் படுத்துக்கொண்டு மணிக்கட்டை மடக்கி முடுக்குவோம். காலையில் முடுக்கிய கையும் சாயங்காலம் முடுக்கும் கையும் ஒன்றல்ல. எல்லாவற்றுக்கும் மேல், ‘கைக்குத் தெரியும்’ என்கிறார்களே, அந்தத் தெரிதல் எப்போது வருகிறது என்று பாருங்கள். போல்ட் முரண்டு பிடிக்கும்வரை எல்லா இறுக்கமும் கைக்கு ஒன்றுபோலத்தான் இருக்கும். வித்தியாசம் தெளிவாகத் தெரிவது ஒரே இடத்தில்: முரண்டு பிடித்துக்கொண்டிருந்தது திடீரென்று இளகி, வெண்ணெயில் கத்தி போவதுபோல் கால் சுற்று போகும். அது போல்ட் இழுபட்டு நீள்கிற, அல்லது அலுமினிய மரை உரிகிற கணம். கை சரியாகத்தான் சொன்னது, சாவுச் செய்தியாக.

3. “டார்க் ரென்சும் பொய்தானே?”

எதிர்த்தரப்பின் மிகப் பலமான வாதம் இது. இதைச் சொல்பவர்கள் கொஞ்சம் படித்தவர்கள். நாம் கொடுக்கும் முறுக்கில் ஏறக்குறையப் பாதி போல்ட் தலைக்கு அடியில் உராய்வாகப் போகிறது. நாற்பது சதவீதம் மரையின் உராய்வுக்கு. மிச்சமிருக்கும் பத்துச் சொச்சம்தான் போல்ட்டை இழுத்துப் பிடியை உண்டாக்குகிறது. பொறியாளர்களின் மேசையில் கிடக்கும் ‘மெஷினரிஸ் ஹேண்ட்புக்’கே கை உணர்வால் முடுக்கினால் பிடியில் 35 சதவீதம்வரை முன்பின்னாகும், டார்க் ரென்ச்சால் முடுக்கினாலும் 25 சதவீதம்வரை ஆகும் என்கிறது. “வெறும் பத்து சதவீதத்துக்கா இந்தக் கூத்து?” என்று கேட்கிறார்கள்.

கேள்வி நியாயமானது. ஆனால் அந்த 25 எங்கிருந்து வருகிறது? நல்ல ரென்ச்சின் சொந்தப் பிழை நான்கு சதவீதம்தான். மிச்சமெல்லாம் உராய்வின் ஏற்ற இறக்கம். அந்த உராய்வு கையால் முடுக்கும்போது விடுப்பு எடுத்துக்கொண்டு போய்விடுகிறதா என்ன? கைக்காரருக்கு உராய்வின் பிழையும் உண்டு, அதன்மேல் கையின் பிழையும் உண்டு. மரையைக் கம்பிப் பிரஷ் போட்டுச் சுத்தம் செய்து, கையேடு எண்ணெய் தடவச் சொன்ன இடத்தில் மட்டும் தடவினால் உராய்வின் ஏற்ற இறக்கம் குறையும். கையின் பிழை எந்தப் பிரஷுக்கும் போகாது.

எண்ணெய் எவ்வளவு வித்தியாசம் செய்யும் என்பதற்கு ஒரு கணக்கு. உலர்ந்த 6 மிமீ போல்ட்டுக்கு 10 நி.மீ. கொடுத்தால் கிடைக்கும் பிடி சுமார் 850 கிலோ. சுண்டுவிரல் தடிமன்கூட இல்லாத போல்ட் முக்கால் டன்னுக்கு மேல் பிடிக்கிறது. அதே போல்ட்டில் எண்ணெய் பட்டிருந்தால் அதே 10க்குப் பிடி மூன்றில் ஒரு பங்கு கூடி 1,100 கிலோவைத் தாண்டும். 8.8 என்று தலையில் பொறித்த போல்ட்டே அங்கே தன் தாங்கு எல்லையை நெருங்கிவிடும். தலையில் எண்ணே இல்லாத போல்ட்டின் கதியை நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள். உராய்வைக் காட்டி டார்க் ரென்ச்சை மறுப்பவர், ‘எண்ணெய் கண்ட இடத்தில் கை தானாகக் குறைத்துக்கொள்ளும்’ என்றும் நிரூபிக்க வேண்டும். யாரும் நிரூபித்து நான் பார்க்கவில்லை.

இன்னொன்று. சிலிண்டர் ஹெட்டுக்கு வேண்டியது சரியான எண் மட்டுமல்ல, சமமான எண். நான்கு ஸ்டட்டுகளில் மூன்று ஒரு மாதிரியும் ஒன்று வேறு மாதிரியும் பிடித்தால் கேஸ்கெட் அந்த மூலையில்தான் புகையும். ஒரே ரென்ச், ஒரே செட்டிங், ஒரே மாதிரி சுத்தம் செய்த நான்கு மரைகள்: ரென்ச் மூன்று சதவீதம் பொய் சொன்னாலும் நான்கிடமும் ஒரே பொய்யைத்தான் சொல்லும். கை நான்கிடமும் நான்கு பொய் சொல்லும்.

4. “பெருசா ஒண்ணு வாங்கிக்க.”

இதுதான் நான் ஏமாந்த இடம். முதன்முதலில் வாங்கியது அரை அங்குலச் சதுர முனை கொண்ட, 28 முதல் 210 நி.மீ. வரை போகிற கிளிக் ரென்ச். கையில் எடுத்தால் கனமாக இருந்தது, மரியாதையாக இருந்தது. அடுத்த ஞாயிறு என் 100 சிசி வண்டியின் கிளட்ச் கவரை மாட்டினேன். கையேடு 10 கேட்டது. ரென்ச்சில் 28க்குக் கீழே கோடே இல்லை. கைப்பிடியைக் கோட்டுக்குக் கீழே இன்னும் திருகி, ‘இது பத்து இருக்கும்’ என்று நானே ஒரு எண்ணைக் கற்பித்துக்கொண்டு ‘டிக்’ வருமென்று காத்திருந்தேன். வரவில்லை. போல்ட்டின் தலை மட்டும் சாக்கெட்டோடு கையில் வந்தது. மிச்சத்தை லேத் பட்டறையில் துளை போட்டு எடுத்து, ஹெலிகாயில் என்ற மரைச் சுருள் வைத்து வாங்கி வந்தேன். பட்டறைக்காரர் காரணம் கேட்டார். டார்க் ரென்ச்சால் முடுக்கியது என்று சொல்ல வெட்கமாக இருந்தது. அன்று சித்தப்பா கட்சிக்கே திரும்பிவிட இருந்தேன்.

தவறு கருவியிடம் இல்லை, வாங்கிய எனக்கு வண்டியின் கணக்கு தெரியவில்லை. ஹோண்டா சர்வீஸ் கையேடுகளின் பொது அட்டவணையைப் பாருங்கள்: 5 மிமீ போல்ட்டுக்கு 5, 6 மிமீக்கு 10, 8 மிமீக்கு 22, 10 மிமீக்கு 34 நி.மீ. சின்ன வண்டியின் இஞ்சினில் கவர், கேம் ஹோல்டர், டேப்பட் கவர், ஆயில் பம்ப் என்று எங்கே கை வைத்தாலும் 6 மிமீ போல்ட்தான். 10 மிமீ மரை ஸ்பார்க் பிளக்குக்கு அலுமினிய ஹெட்டில் என்ஜிகே சொல்வதும் 10 முதல் 12தான். நான் வாங்கிய 28–210 ரென்ச், அந்த இஞ்சினின் பெரும்பாலான போல்ட்டுகளுக்குக் கதவைக்கூடத் திறக்கவில்லை. உடைவதும் உரிவதும் இந்தச் சின்ன போல்ட்டுகள்தாம். அச்சு நட்டைக் கொஞ்சம் கூட முடுக்கி உடைத்தவரை நான் இன்னும் பார்க்கவில்லை.

‘பெருசு எல்லாத்துக்கும் ஆகும்’ என்பது சுத்தியலுக்குப் பொருந்தலாம். அளவுகோலுக்குப் பொருந்தாது. லாரி எடை மேடையில் தாலிச் சங்கிலியை நிறுத்துப் பார்ப்போமா?

டார்க் ரென்ச்சுக்கான ஐஎஸ்ஓ 6789 தரநிர்ணயம் கருவியைச் சோதிப்பது அதன் உச்ச அளவின் 20 சதவீதம், 60 சதவீதம், 100 சதவீதம் ஆகிய இடங்களில். 20க்குக் கீழே கோடு போட்டிருந்தாலும் அங்கே அந்தச் சோதனை உத்தரவாதம் தரவில்லை. டயல் வைத்ததும் டிஜிட்டலும் வாங்குபவர்கள் இன்னொன்றையும் படித்துப் பார்க்க வேண்டும்: துல்லியத்தை ‘காட்டும் அளவில் 4 சதவீதம்’ என்கிறார்களா, ‘முழு அளவில் 4 சதவீதம்’ என்கிறார்களா? இரண்டாவது என்றால், 200 நி.மீ. கருவியில் எந்த இடத்திலும் 8 நி.மீ. பிழை இருக்கலாம். 20 வைக்கும்போது அது நாற்பது சதவீதம். அதற்குச் சித்தப்பாவின் கையே மேல்.

எனவே கடைக்குப் போகுமுன் கையேட்டை எடுத்து, நீங்கள் உண்மையில் கழற்றப்போகும் போல்ட்டுகளின் எண்களை ஒரு தாளில் எழுதுங்கள். ஜப்பானிய வழிக் கையேடு என்றால் கிலோ-மீட்டர் (kgf·m) கணக்கில் 1.0 என்று போட்டிருக்கும். அது 9.8 நி.மீ., 1 அல்ல. அதிகம் வரும் எண் கருவியின் அளவின் நடுவில் விழ வேண்டும். இருசக்கர வண்டிக்காரருக்கு முதல் ரென்ச் கால் அங்குல முனையில் 5–25 நி.மீ. போதும். இரண்டாவது, 20இலிருந்து 100 சொச்சம்வரை போகிற ஒன்று. அது வாங்கக் கொஞ்ச நாள் ஆகலாம், அவசரமில்லை. கார் இஞ்சின் பிரிப்பவருக்கு அந்த இரண்டாவது முதல் நாளே வேண்டும். ஹெட் போல்ட்டுக்கு ‘இவ்வளவு நி.மீ., அதன்பின் 90 டிகிரி’ என்று கோணக் கணக்கு சொல்லியிருந்தால் கோண அளவியும் வேண்டும், பல இஞ்சின்களில் புதிய போல்ட்டுகளும் வேண்டும். அந்த வகை போல்ட்டை வேண்டுமென்றே அதன் இளகு எல்லைவரை இழுக்கிறார்கள். அங்கே போய்க் கை உணர்வு என்று பேசினால் நான் வாதத்துக்கே வரமாட்டேன்.

5. “மலிவானது பொய், நல்லது கட்டுப்படியாகாது.”

டோனிச்சி, நார்பார், ஸ்டால்வில்லே என்று பெயர் சொல்லி மலைக்க வைப்பார்கள். அவை நல்லவை, மறுக்கவில்லை. வருஷத்துக்குப் பத்து நாள் வேலைக்கு அவை தேவையில்லை. நம்பகத்தன்மைக்குப் பெயரைவிட நல்ல அடையாளம் ஒன்று உண்டு: கருவியின் உடம்பில் ஒரு வரிசை எண், பெட்டிக்குள் அதே வரிசை எண் போட்ட அளவுச் சான்றிதழ், அதில் மூன்று இடங்களிலும் எடுத்த வாசிப்புகள். எல்லாப் பெட்டிக்கும் ஒன்றுபோல அச்சடித்த ‘சோதிக்கப்பட்டது’ சீட்டு சான்றிதழ் அல்ல, அலங்காரம். சந்தேகமிருந்தால் என்ஏபிஎல் அங்கீகாரம் பெற்ற அளவுத்திருத்தக் கூடத்தில் கொடுத்துப் பார்க்கலாம்.

அதற்கும் மனமில்லையா? வீட்டில் பட்டறைக் கிடுக்கியும் சமையலறைத் தராசும் தண்ணீர் கேனும் இருந்தால் போதும். சதுர முனையைக் கிடுக்கியில் பிடித்து, ரென்ச்சைப் படுக்கைவாட்டில் நிறுத்தி, கைப்பிடியின் நடுவில் கேனைத் தொங்கவிட்டு, ‘டிக்’ கேட்கும்வரை கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீர் ஊற்றுங்கள். பிறகு கேனை நிறுங்கள். முனையிலிருந்து கைப்பிடி நடுவரை 25 செ.மீ., கேன் 4 கிலோ என்றால் 9.8 நி.மீ. ரென்ச்சின் சொந்த எடையையும் விட்டுவிடக் கூடாது. 600 கிராம் ரென்ச், விரல் நுனியில் வைத்தால் முனையிலிருந்து 12 செ.மீ.இல் சமநிலை கொள்கிறது என்றால் அதன் பங்கு 0.7. மொத்தம் 10.5. இதில் ஆய்வகத் துல்லியம் கிடைக்காதுதான். பெரிய பொய்யனைக் காட்டிக்கொடுத்துவிடும், அது போதும்.

செலவுக் கணக்கு பேசுபவர்கள் ஒரு பக்கத்தை மட்டுமே கூட்டுகிறார்கள். ஒரு ஹெலிகாயில், ஒரு கேஸ்கெட், வீணாய்ப் போன ஆயில், வண்டியில்லாத நான்கு நாள் பஸ் காசு. இவற்றையும் கூட்டிவிட்டு வரட்டும், பேசலாம்.

6. “முள் வெச்சது பழைய காலத்து சாமான்.”

ஆமாம், முள் வைத்த டார்க் ரென்ச் பழையதுதான். கம்பி வளையும், முள் காட்டும், அவ்வளவே. உள்ளே தளர்ந்துபோக ஸ்பிரிங் இல்லை. முள் பூஜ்யத்தில் நிற்காவிட்டால் கண்ணுக்கே தெரியும், வளைத்து நேர் செய்துகொள்ளலாம். நேராகக் குனிந்து பார்த்துப் படிக்க வேண்டும், இடுக்கில் நுழையாது, இவைதான் குறை. வருஷக்கணக்கில் அலமாரியில் தூங்கப்போகும் கருவிக்கு இதைவிட நம்பிக்கையான வடிவம் எனக்குத் தெரியாது.

7. “கம்பெனியிலயே கன் வெச்சுத்தான் முடுக்குறான்.”

நவீன இஞ்சின் வரிசைகளில் முக்கிய இணைப்புகளில் தொங்குவது, முறுக்கையும் கோணத்தையும் ஒவ்வொரு போல்ட்டுக்கும் அளந்து தானே நிற்கும் மின்முடுக்கி. டயர் கடையில் ‘டர்ர்ர்’ என்று கத்தும் காற்றுத் துப்பாக்கிக்கும் அதற்கும் வெளித்தோற்றத்தில்தான் ஒற்றுமை.

அந்த டயர் கடைப் பழக்கம் வீட்டுக்குள்ளும் வந்துவிட்டது. துப்பாக்கியாலோ ராட்செட்டாலோ முழுக்க முடுக்கிவிட்டுக் கடைசியில் டார்க் ரென்ச்சை வைத்து ஒரு ‘டிக்’ கேட்கச் செய்வார்கள். “செக் பண்ணிட்டேன்.” என்ன செக்? வைத்த அளவை எட்டினால் கிளிக் ரென்ச் ‘டிக்’ என்னும். அதைவிட இரண்டு மடங்கு ஏற்கெனவே இறுகியிருந்தாலும் நகராத போல்ட்டின்மேல் அதே ‘டிக்’தான். கூடுதலை அது ஒருநாளும் சொல்லாது. இந்தச் சடங்கைச் செய்பவரைவிட, கருவியே இல்லாமல் கையால் முடுக்குபவர் நேர்மையானவர். தான் அளக்கவில்லை என்றாவது அவருக்குத் தெரியும். விரலால் மரை ஏற்றி, கையேட்டில் உள்ள வரிசைப்படி இரண்டு மூன்று கட்டமாக ஏற்றி, கடைசிக் கட்டத்தைப் போல்ட் நகர்ந்துகொண்டிருக்கும்போதே ரென்ச்சால் நிதானமாக முடித்து, முதல் ‘டிக்’கில் கையை எடுத்தால்தான் அது அளவு. நிச்சயப்படுத்திக்கொள்ள இன்னொரு ‘டிக்’ என்று ஆசைப்படாதீர்கள்.

சித்தப்பாவிடம் இதையெல்லாம் சொல்லிப் பார்த்தேன். காது கொடுத்துக் கேட்டார். எட்டரை கிலோக் கணக்கில் மட்டும் கொஞ்சம் புருவத்தைச் சுருக்கினார். போன மாதம் வீட்டுக்கு வந்தவர், “அந்தச் சின்ன ரென்ச்சக் குடுறா, சைலன்சர் நட்டு துருப்புடிச்சுக் கெடக்கு, கழட்டணும்” என்றார். பெட்டியைத் திறந்தேன். ரென்ச்சை அதன் கடைசிக் கோட்டுக்குத் தளர்த்தி வைத்திருந்தேன். அதை அப்படியே மூடிவிட்டு, மூன்றடி பிரேக்கர் பாரை எடுத்துக் கொடுத்தேன்.